பத்து நிமிடம் சும்மா உட்கார

தியானம் செய்ய வெறும் தரையில் சம்மணம் போட்டால் பலருக்கு முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும். முதுகு தானாகக் கூன் போடும். பழைய ஜமுக்காளத்தை மடித்து, அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். நாலு விரற்கடை உயரம் இருந்தால் முழங்கால் இறங்கும், முதுகு நிமிரும். முடியாதவர்களுக்கு நாற்காலி, சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி. பத்மாசனம் கட்டாயமில்லை.

கைபேசியில் 10 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். கண்ணை மூடி, மூச்சு மூக்கு நுனியில் உரசுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. சில சமயம் இருபத்தேழு வரை போயிருப்பீர்கள், சகஜம்தான். ஒன்றுக்குத் திரும்புங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது மூச்சை வலிந்து இழுப்பதில்தான். இது பிராணாயாமம் இல்லை. வேகமாக, ஆழமாக இழுத்துவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை கிறுகிறுக்கும். அதை ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள்! மூச்சு குட்டையாக ஓடினால் அப்படியே ஓடட்டும்.

கால் மரத்துப்போனால் பல்லைக் கடிக்க வேண்டாம். நரம்பு அழுந்துகிறது, காலை மாற்றுங்கள். உணர்வு திரும்பும்வரை எழுந்து நிற்காதீர்கள். சாப்பிட்டவுடன் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், இரண்டு மணி நேரமாவது கழியட்டும். காலையில் காபிக்கு முன்பா பின்பா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.