ஒத்துக்கிட்டா விட்டுருவாங்களா?

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுருவாங்களாங்ண்ணா?" என்று கேட்டார் அந்த விசாரணைக் கைதி, குற்றத்தை ஒத்துக்கொள்வதைப் பற்றி. "பெரும்பாலும் விட்டுருவாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. சின்னத் திருட்டு வழக்கு, முதல் தடவை, உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கேரளாவில் ஒரு சப்ஜெயிலுக்கு சட்ட உதவித் தன்னார்வலராகப் போய்வரும் எனக்கு இது தெரிந்ததுதான். ஆனாலும் அந்தப் பதில் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாக்கியத்தில்தான், திருடியதாகச் சொல்லும் மோட்டார் வயரைத் தான் தொடவே இல்லை என்று சொல்லியிருந்தார்.

இத்தனைக்கும் ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டது. சொத்தைக் காட்டிப் பொறுப்பேற்க ஆள்ஜாமீன்தான் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் மச்சினன் பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். கேரளாவில் கரம், அதாவது நிலவரி, கட்டின ரசீதுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோப்புக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட்.

இதையெல்லாம் 1978-லேயே பேசி முடித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஆள்ஜாமீன் இல்லாமல் ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னார். ஒரு தமிழரோ மலையாளியோ தூர தேசத்தில் கைதானால் உள்ளூர்ச் சொத்துக்காரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டார். நம் பாலக்காட்டுக்காரர், 1948-இல் தானே சிறையில் இருந்தவர், 1957 அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்தவர். 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாம், உள்ளூர் ஜாமீன்தாரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று.

சிறையின் வேலை ஆளைத் திருத்துவது என்று 1919-20 ஜெயில் கமிட்டி சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1962-இல் கேரளாவின் நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறையே வந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் அதெல்லாம் தண்டனை பெற்றவர்களுக்கு. நாட்டில் உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இவரிடம் எதைத் திருத்துவது?

ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொன்னேன். "எத்தனை நாளுங்ண்ணா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் கைக்குழந்தை. வெளியே இருந்துகொண்டு இன்னொருவரைப் பொறுமையாக இருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் ஒத்துக்கொண்டுவிட்டால், அடுத்து அந்த ஊரில் எது காணாமல் போனாலும் போலீஸ் முதலில் இவர் வீட்டுக்குத்தான் போகும். இதையும் சொன்னேன்தான், ஆனால் விடுதலைப் பேச்சுக்கு அப்புறம் சொன்னேன். முன்னால் சொல்லியிருந்தாலும் அவர் மாறியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கோர்ட்டில், குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்ற கேள்வியை நான்தான் தமிழில் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றவர் முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம்தான் தலையாட்டினார். அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து அதே மாதிரி மனுவை வேறொருவருக்குப் போட்டோம். சொந்த ஜாமீனில் விட்டார்கள். அந்த வழக்கு வேறு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார். இருக்கலாம். இப்போதெல்லாம் ஜாமீன் உத்தரவு வந்த அன்றே அந்த மனுவையும் எழுதி வைக்கச் சொல்லி அவரோடு சண்டை போடுகிறேன்.