சாம்பிராணியும் ஒரு கேள்வியும்

கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போடாதீர்கள் என்று நான் சொன்னது சரிதான். அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. குளிப்பாட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு, தணலில் சாம்பிராணியைத் தூவிப் பிள்ளையின் தலையைப் புகையில் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வயதில் மூச்சுக்குழாய்கள் மிகவும் குறுகலானவை. சளி பிடித்து உட்புறம் லேசாக வீங்கினாலே காற்று போக வழியிருக்காது. அதில் கரிப்புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மழைக்கால மாலைகளில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு வந்து பார்த்தால் தெரியும்.

நான் அப்படிச் சொன்னது ஒரு பிள்ளையின் வீட்டாரிடம். அந்தப் பிள்ளைக்கு 8 மாதம். சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். மூச்சு 58. அந்த வயதில் 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு. இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தலைமுடியில் சாம்பிராணி வாசம்.

நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே, தினமும் புகை போடுகிறீர்களா என்று கேட்டேன். தாய் தன் மாமியாரைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார்.

"ஈரத்தலையோடு விட்டால் சளி பிடிக்காதா? ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன்."

"சளி கிருமியால் வருகிறது ஆத்தா. துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். புகை வேண்டவே வேண்டாம்."

"அப்படியென்றால் என் கையால்தான் பிள்ளைக்கு இழுப்பு வந்தது என்கிறாயா, அம்மிணி?"

இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. இழுப்பைத் தொடங்கி வைத்தது வைரஸ். புகை அதைக் கூட்டியிருக்கலாம். எவ்வளவு கூட்டியது என்று இந்த ஒரு பிள்ளையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மொட்டையாக "இல்லை" என்று சொல்லிவிட்டால் நாளைக்கே மறுபடியும் தணல் எரியும். இதையெல்லாம் நான் யோசித்த அந்த இரண்டு நொடியில் பதிலை அவரே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த முறை தாய் மட்டும் வந்தாள். வீட்டில் புகை நின்றுவிட்டதாம். "அத்தை இப்போது பிள்ளையைக் குளிப்பாட்டுவதே இல்லை, சிஸ்டர். தூக்கச் சொன்னாலும் பயப்படுகிறார்" என்றாள். நான் நிறுத்தச் சொன்னது புகையை மட்டும்தானே! எண்ணெய் தேய்த்து, கால்மேல் போட்டு, பக்குவமான வெந்நீரில் குளிப்பாட்டும் அந்தக் கைப்பழக்கம் எனக்குக்கூட வராது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. புகையே இல்லாத வீட்டிலிருந்து அதே பிள்ளை மறுபடியும் இழுப்போடுதான் வந்தது. சளி பிடிக்கும்போதெல்லாம் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளரப் பலருக்குக் குறையும் என்று டாக்டர் விளக்கினார். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் இது அந்த மாமியாரின் காதுக்குப் போயிருக்குமா? போயிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது என்மேல் கோபம் வந்திருக்குமா?

தாயைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்றார் டாக்டர். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையை அவள்தான் வீட்டில் போட வேண்டி வந்திருக்கும், அதுவும் மூச்சு வாங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதனால்தான் பெரியவர் முன்னாலேயே பேசினேன். இப்போதும் அப்படித்தான் பேசுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே பேசுகிறேன். அதற்கு உடனே சொல்லக்கூடிய, பொய்யும் இல்லாத ஒரு பதில் இன்னும் என்னிடம் இல்லை.