எங்கும் போகாத சைக்கிளில் பாபநாசம் வரை

கனடாவின் வின்னிபெக்கில் குளிர்காலம் முழுவதும் சாலையிலேயே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணி பதித்த டயர், கண்களை மட்டும் விட்டுவிட்டு முகத்தை மூடும் கம்பளித் துணி, கைப்பிடியின் மேல் மாட்டும் தடித்த உறை என எல்லா ஏற்பாடுகளுடனும் அவர்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான சர்வதேச மாநாடு 2014இல் இந்த ஊரில்தான் நடந்தது. அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஜனவரி இரவுகளில் வெகு சாதாரணமாக மைனஸ் இருபதைத் தொடுகிற, வடக்கிலிருந்து காற்று கிளம்பினால் முகத்தோலுக்கு அது மைனஸ் நாற்பதாக உறைக்கிற ஓர் ஊரில், பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவன் அந்த மதிப்பைத் தூர இருந்தே தெரிவித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நவம்பர் பிறந்ததும் என் சைக்கிள் பேஸ்மென்டுக்கு இறங்கிவிடும். ஏப்ரல் வரை அதற்கு அங்கேதான் வாசம்.

அங்கே அதன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை நேராக, சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தியே மிதிக்க உதவும் டிரெய்னர் என்ற கருவியின் பல்சக்கரத்தில் மாட்டுகிறேன். டிரெய்னருக்குள் கனமான ஓர் இரும்புச் சக்கரம் சுழல்கிறது; காந்த விசை அதைப் பிடித்து இழுத்து, மிதிப்பவனுக்குச் சாலையின் பாரத்தை உண்டாக்குகிறது. எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறேன், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் கைபேசித் திரையில் தெரியும். இந்த ஏற்பாட்டை முதன்முதலாக வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டியபோது அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எங்கேயும் போகாம எதுக்குலே இந்த மிதி மிதிக்கே?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா, தரை சில்லென்று இருக்குமே, பத்தமடைப் பாய் ஒன்றை அடியில் விரிக்கக் கூடாதா என்றார். அம்மாவின் யோசனையை ரப்பர் விரிப்பு நிறைவேற்றிவிட்டது. அப்பாவின் கேள்விக்கு அவ்வளவு எளிதில் பதில் அகப்படவில்லை.

அகப்படாததற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் என் வயதுக்காரர்கள் யாரும் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஏறியவர்கள் அல்லர். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே ஏதாவது ஒரு சோலி அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது: ரேஷன் கடை, டியூஷன், வண்ணார்பேட்டையில் இருக்கும் அத்தைக்குக் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி. வெயிலும் எதிர்க்காற்றும் மேடும் எவ்வளவு படுத்தினாலும், போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்ததால் ஓட்டலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழுந்ததில்லை. குளிர்கால பேஸ்மென்ட் அந்தக் கேள்வியை அன்றாடம் எழுப்புகிறது. காலை எட்டரையை ஒட்டி விடிந்து மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், வேலை முடிந்து பனிக்காலணியைக் கழற்றியவனுக்கு ஏறாமல் இருப்பதற்கு நூறு காரணம் கிடைக்கும். இதை மனஉறுதியால் வெல்ல வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாலையில் சைக்கிளோடு சேர்ந்து தானாகவே கிடைத்த மூன்றை, அதாவது காற்றையும் போகுமிடத்தையும் கூட வரும் ஆளையும், டிரெய்னர் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் மனஉறுதிக்கு அதிகம் வேலை இருப்பதில்லை.

காற்று சுலபம், காசு கொடுத்தால் கிடைத்துவிடும். மிதிப்பவனின் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி முழுவதும் வெப்பமாகிறது. மிதியில் நூற்றைம்பது வாட் காட்டும்போது உடம்பு ஐந்நூறு வாட்டுக்கும் மேலாக வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். சாலையில் அதை எதிர்க்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய அறையில் அது நம்மைச் சுற்றியே நிற்கும். வெளியே குழாய்த்தண்ணீர் விழும்போதே உறையும் குளிர் இருக்க, உள்ளே ஒருவன் சித்திரை மாதத்து ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் நிற்பவனைப் போல வியர்த்து ஒழுகுவது இதனால்தான். முதல் குளிர்காலத்திலேயே பலர் டிரெய்னரை வெறுத்துவிடுவதற்குச் சலிப்பைக் காட்டிலும் இந்தப் புழுக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய மின்விசிறி ஒன்றை நெஞ்சுக்கு நேராக, ஏறுவதற்கு முன்பே ஓடவிட்டு வைக்க வேண்டும். வியர்வையின் உப்பு கைப்பிடித் தண்டின் திருகுகளை அரித்துவிடும் என்பதால் அதன் மேல் ஊரிலிருந்து வந்த ஈரிழைத் துண்டு ஒன்றை விரித்து வைக்கிறேன். கடையில் விற்கும் தடித்த டவலைவிட அது சீக்கிரம் உறிஞ்சும்; ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் விடிவதற்குள் காய்ந்தும் விடும்.

போகுமிடத்துக்கு மென்பொருள்கள் இருக்கின்றன. 2014இல் வந்த ஸ்விஃப்ட் அவற்றுள் பெயர் பெற்றது. வட்டோப்பியா என்ற கற்பனைத் தீவில் எரிமலைக்கு உள்ளேயும் கடலுக்கு அடியிலும் சாலை போகும். நாம் மிதிக்கிற வேகத்தில் திரையில் ஒரு பொம்மை மனிதன் போவான், மேடு வந்தால் டிரெய்னர் தானாகவே இறுகும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அந்த எரிமலையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்து நான் யாரைப் பார்க்கப் போகிறேன்? ஆகவே சந்தாவை நிறுத்திவிட்டு, நீளமான ஒரு தாளில் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரையிலான பாதையைப் பேனாவால் வரைந்து பேஸ்மென்ட் சுவரில் ஒட்டினேன். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். ஒவ்வொரு மாலையும் மிதித்த தூரத்துக்குப் பச்சை மையால் கோடு இழுப்பேன். பாபநாசம் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து திரும்புவது, திரும்பியதும் திருச்செந்தூருக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு.

கேட்பவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தாள் சுவரில் ஏறிய பிறகுதான் அப்பா கேள்வியை மாற்றினார். அவர் மின்வாரியத்தில் இருந்தவர். 1944இல் தொடங்கிய பாபநாசம் மின்நிலையத்துக்கு இளவயதில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் போய்வந்தவர். பச்சைக் கோடு வீரவநல்லூரைத் தாண்டியதைச் சொன்னால், அங்கிருந்து அவர் தொடங்கிவிடுவார். விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை முழுக்கச் சைக்கிள்களாக இருக்கும் என்பதையும், எதிரே வரும் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போவதற்கு மணியை விடாமல் அடித்தாலும் பயனில்லை, ஓரமாகக் கால் ஊன்றி நின்றுவிட வேண்டும் என்பதையும், கேரியரில் சாப்பாட்டு அடுக்கைச் சாய்த்துக் கட்டினால் மோர்க்குழம்பு வழிந்து வேட்டியின் பின்புறம் மஞ்சளாகிவிடும் என்பதையும் அவர் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதே இல்லை. நாற்பது நிமிட மிதியில் பாதி நேரம் அவர் பேச்சிலேயே போய்விடுவதுண்டு. மூச்சு வாங்குகிறபடியால் நான் உம் கொட்டுவதோடு சரி.

மூன்றாவதான கூட வரும் ஆள்தான் மற்ற இரண்டையும்விடப் பெரிது. அக்காள் கணவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் மருத்துவர் நடக்கச் சொன்னார். முழங்கால் வலியினால் அத்தான் சைக்கிளைத் தேர்ந்துகொண்டார். பாளையங்கோட்டையில் காலை ஐந்தரை என்றால், குளிர்காலக் கணக்கில் வின்னிபெக்கில் முந்தைய நாள் மாலை ஆறு. அவர் தெருவில் இறங்குகிற அதே நிமிடத்தில் நான் பேஸ்மென்டில் ஏற வேண்டும் என்று பேசிக்கொண்டோம். காதில் எதையும் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் லாரி கேட்காது என்பதால், அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். “மாப்ளே, ஏறியாச்சா?” என்பதே முதல் பேச்சு. ஏறவில்லை என்று சொல்ல நேர்ந்தால் அவர் கோபிப்பதில்லை. “அப்பம் நான் மட்டும் போயிட்டு வாரேன்” என்று சொல்லும் அந்தத் தொனியே போதும். அதற்குப் பயந்தே பல மாலைகளில் ஏறியிருக்கிறேன்.

அத்தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். வண்ணார்பேட்டை வரை நாய்களும் பால் வண்டிகளும் கேட்கும். 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று சட்டைப்பைக்குள் புகுந்து கைபேசி இரையத் தொடங்கும். அப்போது இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். பாலம் இறங்கினால் ஜங்ஷன் பேருந்துகளின் ஹாரன். மார்கழியில் டவுனை நெருங்க நெருங்க ஒலிபெருக்கித் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். மைனஸ் முப்பதில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனிப்பூ பூத்துக் கிடக்க, மார்கழி விடியற்காலையை அப்படியே காதால் கேட்டுக்கொண்டு மிதிப்பது எந்தத் தீவும் எரிமலையும் தராத வசதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதி மூழ்கியது. மின்சாரம் போய், கைபேசிகளும் கிடைக்காமல் போயின. அந்த மாலை ஆறு மணிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஏறி உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் மிதித்தேன் என்பதைத் தாளில் குறிக்கவில்லை. பிறகு அக்காவின் குரல் கேட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, எல்லோரும் மாடியில் இருக்கிறோம் என்றாள். அத்தானுக்கு மறுபடி சாலை கிடைக்கச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஐந்தரைக்கு அழைத்தார்.

சனிக்கிழமைகளுக்கு வேறு துணை உண்டு. இங்கே குடியேறி வெகுகாலமான வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர் தம்முடைய டிரெய்னரைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற ஆனி, ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, இறக்கத்திலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்த அனுபவம் உண்டு. காற்றாலைகள் அங்கே காடாக நிற்பது சும்மா இல்லை. அண்ணாச்சி டிரெய்னரின் பாரத்தை ஏற்றும்போதெல்லாம் “பணகுடிக் காத்து வருது, தலையைக் குனிங்க தம்பி” என்பார். நான்கு நிமிடம் அந்தக் காற்று, மூன்று நிமிடம் இளைப்பாறல், மீண்டும் காற்று என்று மாற்றி மாற்றிப் போனால் நேரம் போவதே தெரியாது. ஒரே சீராக ஒரு மணி நேரம் மிதிப்பதைப் பேஸ்மென்டில் யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இறக்கமும் சிக்னலும் இல்லாததால் கால்களுக்கு ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. சைக்கிள் அசையாமல் நிற்பதால் உட்காரும் இடத்தில் ஒரே புள்ளியில் பாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதிக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஒழுங்காகச் செய்தாலே வெளியே ஒரு மணி நேரம் சுற்றியதற்குக் குறையாமல் உடம்பு சொல்லும். முடிந்ததும் அண்ணாச்சி மாடிக்கு வந்து, என் மனைவி கிண்டி வைத்திருக்கும் உளுந்தங்களியில் நல்லெண்ணெய் தாராளமாகக் குழிவிட்டுச் சாப்பிடுவார். மிதித்ததற்கும் தின்றதற்கும் கணக்கு நேராகிவிடும் என்று அவர் மனைவி சொல்வது உண்மைதான்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் டிசம்பரைப் பற்றிப் பயப்படுகிறார்கள். டிசம்பருக்குப் புதுமை உண்டு, விளக்குகள் உண்டு, விடுமுறை உண்டு. உண்மையில் ஆளை அசத்துவது பிப்ரவரி. பகல் நீளத் தொடங்கியிருக்கும், ஆனால் குளிர் அசையாது. பொங்கல் விழாவும் முடிந்து, எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத வாரங்கள் அவை. அப்போது நான் தூரத்தையும் வாட்டையும் பார்ப்பதை விட்டுவிடுகிறேன். உடையை முன்கூட்டியே நாற்காலியின் மேல் எடுத்து வைத்துவிடுவது, ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஏறுவது, பத்து நிமிடத்துக்குப் பிறகு விருப்பமில்லை என்றால் இறங்கிவிடலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். அத்தானுக்கும் அது சொல்லப்பட்டிருக்கிறது; பத்து நிமிடத்தில் நான் இறங்கினால் அவரும் ஏதாவது டீக்கடையில் நின்றுவிடுவார். அவர் குடிப்பது சர்க்கரை போடாத டீதானா என்பதை அக்காவிடம் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு அவருடைய ஐந்தரை எனக்கு இரவு ஏழாகிவிடுகிறது. பிள்ளைகளைச் சாப்பிடவைத்துப் படிக்கவைக்கிற நேரம். ஆனால் பாளையங்கோட்டையில் மார்ச்சிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடுவதால், அத்தான் அரை மணி முன்னதாக ஐந்துக்கே கிளம்புகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், எனக்கு ஆறரை. பனி கரைந்தாலும் சாலையோரங்களில் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய மணல் கிடக்கும். மாநகராட்சி வண்டிகள் அதைப் பெருக்கி முடிக்கும்வரை மெல்லிய டயரோடு வெளியே போவது வீண் வம்பு. அதற்குள் பச்சைக் கோட்டைக் குரும்பூர் தாண்டித் திருச்செந்தூரில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.