அதிகம் சாப்பிடும் நோயாளிக்குக் கேர் பிளான்: இலக்கை எப்படி எழுதுவது?

நர்சிங் பிராக்டிகலில் இந்த கேஸ் கிடைத்தால், கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில், பலர் எழுதுவது ஒன்றுதான்: 'நோயாளி எடை குறைவார். கொழுப்பு குறைந்த உணவு தர வேண்டும்.' எவ்வளவு, எத்தனை நாளில், எதைக் குறைத்து என்று எக்ஸாமினர் கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் 42 வயதுப் பெண், உயரம் 154 செ.மீ., எடை 78 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 32.9. இந்தியர்களுக்கு 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள்; பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றால் இட்லி, சோறு என்று வேளைச் சாப்பாடு மட்டும்தான் பதிலாக வரும். டீயையும் வர்க்கியையும் (மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. "குளிருக்கு எத்தனை டீ குடிப்பீங்க அக்கா? கூட என்ன எடுத்துக்குவீங்க?" என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 60 கிராம். பாலை விட்டுவிட்டாலும் அதுவே 240 கலோரி.

ஏன் சாப்பிடுகிறார் என்பது அடுத்தது. காலையில் வெறும் டீயோடு ஷிஃப்டுக்குப் போய், ராத்திரி சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. ஆனால் நிறுத்த முடியாமல், வேகவேகமாக, வெட்கப்பட்டு மறைவாகச் சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதமாக நடக்கிறதென்றால், அது பிஞ்ச் ஈட்டிங்காக இருக்கலாம். அங்கே கெடுபிடியான டயட் சார்ட் நிலைமையை மோசமாக்கும்; மனநல மருத்துவருக்கு ரெஃபரல்தான் முதல் இன்டர்வென்ஷன் (நர்ஸ் எடுக்கும் நடவடிக்கை). மருந்துச் சீட்டையும் பாருங்கள். ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் பசியைக் கூட்டும். சர்க்கரை நோய்க்கு க்ளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தால் லோ சுகர் ஆகிவிடும்.

இலக்கு வாக்கியத்தில் நோயாளிதான் எழுவாய். 'நர்ஸ் அறிவுரை கூறுவார்' என்பது இலக்கே அல்ல. நீண்டகால இலக்கு: '12 வாரத்தில் 78 கிலோவிலிருந்து 74-க்கு வருவார்.' இது சுமார் 5 சதவீதம். குறுகியகால இலக்கு: 'ஒரு வாரத்துக்குள் டீயை மூன்றாகவும் சர்க்கரையை டீக்கு ஒரு டீஸ்பூனாகவும் குறைப்பார், மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதிக் காட்டுவார்.'

தினம் 500 கலோரி குறையும் கணக்கைக் காட்டினால் ரேஷனேல் (ஏன் இதைச் செய்கிறோம் என்ற காரணம்) தானாக வந்துவிடும். சர்க்கரையில் 180, மூன்று டீஸ்பூன் எண்ணெயில் 135, ஒரு கப் சோற்றில் 200. டீயை விட்ட வேளைகளில் சீரக வெந்நீர் கொடுக்கலாம். அவருக்குத் தேவை சூடுதான். தட்டில் பாதி பீன்ஸ், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட். உருளைக்கிழங்கு மட்டும் காய்க்கணக்கில் சேராது, சோற்றுக் கணக்குதான். மலையில் எந்தக் குழம்பிலும் அது இருக்கும் என்பதால் இதைச் சொல்லாத டயட் சார்ட் வீண். பசி அடங்க அவரைக்கொட்டை, பயறு, முட்டை. சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைக்காமல் ஒரே தடவை போட்டுக்கொண்டு, இருபது நிமிடம் மென்று சாப்பிடச் சொல்லுங்கள். முட்டி வலி இருந்தால் ஏற்ற இறக்கத்தில் நடக்கச் சொல்லாதீர்கள். சமமான இடத்தில் பத்து பத்து நிமிடமாக மூன்று தடவை போதும்.

எவால்யுவேஷனில் (இலக்கை எட்டினாரா என்று பார்ப்பதில்) எடை: வாரம் ஒரு முறை, அதே மெஷின், காலையில் சிறுநீர் கழித்த பிறகு. கால் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பாருங்கள். நீர் வடிந்தாலும் எடை இறங்கும். ஸ்வெட்டர், சால்வையைக் கழற்றச் சொல்ல மறந்துவிடக் கூடாது. முதல் வாரம் அவற்றோடும் அடுத்த வாரம் அவை இல்லாமலும் எடை பார்த்தால், குறையாத எடை குறைந்ததாகச் சார்ட்டில் ஏறிவிடும்.