நான் உன்னாண்ட பேட்டா கேட்டனா?

"நான் உன்னாண்ட பேட்டா கேட்டனாடா?"

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார் கேட்டது இதுதான். நான் பதில் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மாதவரம், செங்குன்றம், நல்லூர் டோல் எல்லாம் தாண்டி ஆந்திராவுக்குள் போன பிறகுதான் பதில்கள் வர ஆரம்பித்தன. காவலி பக்கம் ஒன்று, ஓங்கோல் பக்கம் ஒன்று. எல்லாமே நல்ல பதில்கள். கேட்கத்தான் அவர் பக்கத்தில் இல்லை.

அவருடைய சின்னப் பையனை என்னோடு கிளீனராகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பையனுக்கு இருபது முடிந்துவிட்டது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஹெவி வண்டிக்கு எல்.எல்.ஆர். போட அது போதும். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். "ரெண்டு மூணு நடை உங்கூட வரட்டும். லைன் தெரியணும்ல" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "இப்பல்லாம் யார் வாத்யாரே கிளீனர் வெச்சிக்கிறாங்க? ஓனர் பேட்டா தரமாட்டாரு" என்றேன். பேட்டா என்றால் நடைக்குக் கொடுக்கிற படிக்காசு. அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்னதில் பொய் கிடையாது. கிளீனர் என்று ஒருவன் இருந்ததை இன்றைக்கு லைனுக்கு வருகிற பையன்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செக்போஸ்ட் வந்தால் பில்லையும் பெர்மிட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடுவான். டோலில் சில்லறை நீட்டுவான். தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்குவான், மேட்டில் நின்றால் டயருக்குக் கட்டை போடுவான், பின்னால் நின்று பாடியைத் தட்டித் தட்டி ரிவர்ஸ் பார்ப்பான், ஸ்டவ்வில் சோறு வடிப்பான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரி செக்போஸ்ட்டுகள் போயின. அடுத்த வருஷம் சரக்குக்கான இ-வே பில் செல்போனுக்குள் வந்துவிட்டது. நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018-லேயே எடுத்துவிட்டார்கள். 2021-ல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கன்டெய்னருக்குத் தார்ப்பாயும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஒவ்வொன்றும் வந்தபோது அப்பாடா என்றுதான் இருந்தது. இப்போது பக்கத்து சீட்டில் தண்ணி கேனும் போர்வையும் வருகின்றன.

ஆனால் இதெல்லாம் வாத்தியாருக்குத் தெரியாததா? அவருக்கு கிளீனர் சம்பளம் வேண்டியிருக்கவில்லை. பையனுக்குத் தொழில் கற்றுக்கொடு என்றார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படி அவர் வாயால் சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஓங்கோல் தாண்டி, நடுராத்திரிக்கு மேல். அந்த ரோட்டை அப்போது என்.எச். 5 என்பார்கள், இப்போது 16. வண்டியை ஓரங்கட்டி, "வா, குந்து" என்று ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ரோட்டைப் பார்க்கவே இல்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "கிளட்ச் மேல கால வெச்சிக்கினே ஓட்டாத." அன்றைக்கு மொத்தமும் சொன்னது அதுதான். என்னிடம் லைசென்ஸ் கிடையாது. அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான், மீதிப் பேர் வெளியே சொல்லமாட்டார்கள்.

அதை இன்றைக்கு நான் செய்ய முடியுமா? வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. டீ குடிக்க நிறுத்தி இன்னொரு டீ சொன்னால் ஓனர் போன் வந்துவிடும். ராத்திரி ஹெவி லைசென்ஸ் இல்லாத பையன் கையில் ஸ்டியரிங் இருந்து ஏதாவது ஆனால் அவனோடு சேர்ந்து நானும் உள்ளே போவேன். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் போகிற டிரைவருக்குப் பத்து வருஷம் வரை என்று புதுச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்ததை எதிர்த்து, 2024 ஜனவரியில் வடக்கே லாரிகளெல்லாம் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்திருக்கிறார்களே தவிர எடுத்துவிடவில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர, என்று பழைய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. கூட்டம் என்ன செய்யும் என்று சட்டம் எழுதினவருக்கே தெரிந்திருக்கிறது. இதற்குள் இன்னொருத்தர் பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் இன்சூரன்ஸ். சம்பளத்துக்கு இருக்கும் கிளீனருக்கு ஏதாவது ஆனால் கேட்க வழி உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவனுக்கு கம்பெனி பொறுப்பு கிடையாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று ஒரு ஏஜென்ட் விளக்கினார். அதாவது, பேட்டா வேண்டாம் என்று வாத்தியார் பெருந்தன்மையாகச் சொன்னதாலேயே பையன் வண்டி ஆள் கணக்கில் வராதவனாகிவிடுவான். இதைவிட நல்ல பதில் எனக்கு வராது. ஆனால் ஏஜென்ட்டிடம் நான் போய்க் கேட்டது திரும்பி வந்த பிறகு. முடியாது என்று சொல்லிவிட்டு, ஏன் முடியாது என்று விசாரித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு போகிறேன். சாப்பாடு, பாத்ரூம் காசு, வழியில் கொடுப்பது எல்லாம் அதில்தான். இரண்டு தட்டு என்றால் என் பங்கில்தான் குறையும். வாத்தியார் பையனிடம் சாப்பாட்டுக் காசு வாங்க முடியுமா? தன் தட்டில் பாதியை எனக்குப் போட்டவர் அவர். இதை நினைத்தால் முதலில் சொன்ன சட்டம், ஜி.பி.எஸ். எல்லாம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் அவை பொய்யாகிவிடுமா? ஆகாது.

என் வீட்டம்மா சொல்வது வேறு. "உனக்குத் தனியா போய்ப் பழகிடுச்சி. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா ஆவாது." இருக்கலாம். எர்ணாவூர் வீட்டில் நான் இருக்கிற நேரம் தூங்குவதற்கே சரியாக இருக்கிறது. பிள்ளைகள் ஃபீஸ், கரண்ட் பில், மாமியார் ஆஸ்பத்திரி என்று எல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வந்துவிடும். கேபினில் யாரும் எதுவும் கேட்பதில்லை. துறைமுக வரிசை வேறு கதை. போன தடவை குண்டூரிலிருந்து மிளகாய் கன்டெய்னர். ஜீரோ கேட்டுக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் வீடு. ஆனால் இறங்கிப் போகிற நேரத்தில் முன் வண்டி நகர்ந்துவிட்டால் பின்னால் இருக்கிறவன் நுழைந்துவிடுவான். அவள்தான் கேரியரில் சோறு கொண்டுவந்தாள். கேபினில் ஏறி உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி, மிளகாய் நெடிக்கு இருமிக்கொண்டே, ரேஷன் கார்டில் பேர் சேர்க்கிற விஷயம் பேசினாள். வாத்தியார் பையன் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு அவனை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருப்பேன். வண்டியை நாலடி நகர்த்த அவனுக்குத் தெரியாதா என்ன?

"இது வேணாம் வாத்யாரே, வேற எதுனா சேத்து வுடு" என்றும் அன்றைக்குச் சொன்னேன். "இப்ப ஏசி கேபின்லாம் வந்துட்ச்சாமே" என்றார். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளுக்குத்தான் அது கட்டாயம், என் வண்டி அதற்கு முந்தையது என்று விளக்கினேன். தேவையே இல்லாத விளக்கம். யார் கேட்டாலும் இந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சொல்கிற நானே போன மாதம் மஞ்சம்பாக்கத்தில் ஒரு பழைய டாரஸ் லாரி விலைக்கு வருகிறது என்று பைனான்ஸ்காரர் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். டவுன் பேமென்ட் ஒத்துவரவில்லை. வந்திருந்தால் வாங்கியிருப்பேன். அது வாத்தியார் காதுக்கும் போயிருக்கும், எர்ணாவூரில் எது போகாமல் இருக்கிறது?

நான் முடியாது என்றபோது அவர் முகம் மாறவில்லை. என் வண்டியைச் சுற்றி வந்தார். கீழே கிடந்த கம்பியை எடுத்து, பழக்கதோஷத்தில், ஒவ்வொரு டயராகத் தட்டினார். சர்க்கரையில் ஒரு கண் போய்விட்டது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. பின்னால் இடது பக்கம் உள் டயரை இரண்டு தரம் தட்டிவிட்டு நின்றார். "காத்து கொறவா கீது, பாத்துட்டு எடு." கம்பியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார். கும்மிடிப்பூண்டியில் பஞ்சர் கடையில் காட்டினேன். ஆணி இறங்கியிருந்தது.

பையன் இன்னும் சாப்பாடுதான் கொண்டுபோகிறான். சிக்னலில் பார்த்தால் "என்னாண்ணா" என்று கை தூக்குவான். அவன் அப்பா என்னிடம் கேட்டது அவனுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. வாத்தியார் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எப்போதும் போல டீ வாங்கிக் கொடுக்கிறார், லோடு கிடைத்ததா என்று கேட்கிறார். இன்னொரு தடவை கேட்டால் சரி என்பாயா என்று வீட்டில் கேட்டாள். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேட்டாவைக் காரணமாகச் சொல்லமாட்டேன்.