ஜோங்கா சீரமைப்பு: அடித்த பச்சையைச் சுரண்டிய மாதம்

ஏழு மாதமாக நடந்துவரும் ஜோங்கா (பழைய இராணுவ ஜீப்) சீரமைப்பு வேலையில், இம்மாதம் ஸ்பானரைத் தொட்ட நாட்கள் குறைவு. பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் அலைச்சலே பெரிதாக இருந்தது. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிசான் வடிவமைப்பின்படி இராணுவத்துக்காகத் தயாரான இந்த 3,956 சிசி பெட்ரோல் வண்டி, ஏலத்தில் ஒருவர் கைக்குப் போய், சாம்பல் நிற வண்டியாகப் பதிவாகி, பிறகு என்னிடம் வந்தது.

படையில் இருக்கும்வரை இத்தகைய வண்டிகளுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, அம்புக்குறியோடு தொடங்கும் தனிப் பதிவு உண்டு. அரசின் உடைமையாக இல்லாமற்போனதும் 39, 40ஆம் பிரிவுகள் பொருந்தும்; அதாவது, மற்ற வண்டிகளைப் போலவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். முந்தைய உரிமையாளர் அதை முறையாகச் செய்து, ஏல விற்பனைக் கடிதத்தையும் பத்திரப்படுத்தியிருந்தார். என்னைக் கேட்டால், எஞ்சினைவிட அந்தக் காகிதத்துக்கே விலை அதிகம்.

தவறு என்னுடையது. சாம்பல் பெயின்டைச் சுரண்டியபோது அடியில் ஆலிவ் பச்சை தெரிந்தது. பூர்வீக நிறம் கிடைத்துவிட்டதென்ற பூரிப்பில் வண்டி முழுவதற்கும் அதையே அடித்துவிட்டேன். பதிவைப் புதுப்பிக்க வண்டியைப் பார்த்த ஆர்.டி.ஓ. ஆய்வாளர் பானெட்டைத் திறக்கவேயில்லை; நிறத்தைக் கண்டதுமே திருப்பியனுப்பிவிட்டார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது; பதிவுச் சான்றிலும் நிறம் சாம்பல் என்றுதான் இருந்தது.

மூன்று வார இறுதிகள் உப்புத்தாளும் கையுமாகக் கழிந்தன. அதில் ஒரு நன்மையும் விளைந்தது: சேஸிஸ் எண்ணின் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) மேல் படைக்காலப் பெயின்ட் அடுக்கடுக்காகப் படிந்திருந்ததால், அதன் அச்செடுக்கக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது முதலில் இரண்டு இலக்கங்கள் மொழுக்கென்று வந்தன. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைச் சுத்தம் செய்தபின், எல்லா இலக்கங்களும் தெளிவாகப் பதிந்தன.

2021இல் வந்த, பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவை முயலலாமே என்று நண்பர் யோசனை சொன்னார். அதற்கு வண்டிக்கு 50 வயது கடந்திருக்க வேண்டும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதியில்லை. என் வண்டி எண்பதுகளில் பிறந்தது என்பதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சாம்பல் நிறத்தில் இரண்டாவது கோட்டிங் நேற்று காய்ந்தது. மறு ஆய்வுக்குப் போகுமுன் பின்பக்கக் கதவின் உட்புறத்தில் எஞ்சியிருக்கும் பச்சையை எடுக்க வேண்டும்.