பிறீவீல் இல்லாத சைக்கிள்: பண்ணைப் பாலம் வரை

மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தனியே சுழலவிடும் பகுதிதான் பிறீவீல். அது இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். வேகம் எடுத்ததும் காலை நிறுத்திவிட்டு உருண்டு போகும் சுகம் இதில் கிடையாது.

பழைய இரும்புச் சட்டத்தைத்தான் எடுத்தேன். அச்சு அமரும் பிளவு பின்பக்கம் திறந்திருப்பதால், சக்கரத்தை இழுத்தே செயினை இறுக்கலாம். இதில் கவனம் வேண்டும். ஓட்டத்தில் செயின் கழன்றால் சக்கரம் இறுகி நின்றுவிடக்கூடும்.

“தம்பி, இருக்கிற பிறீவீலையே வெல்டிங் செய்துவிட்டால் போதுமே” என்றார் கடைக்கார ஐயா. 1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தையே சைக்கிளில் ஓடவைத்த தலைமுறை அவர்.

“பின்னோக்கி அழுத்தினால் மரை கழன்றுவிடும், ஐயா” என்றேன்.

இதற்கென்றே உள்ள ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) பற்சக்கரத்துக்கு வலப்புரி மரை, அதன்மேல் வரும் பூட்டு வளையத்துக்கு இடப்புரி மரை. பற்சக்கரம் கழலப் பார்த்தால் வளையம் இன்னும் இறுகும். ஐயா வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே பூட்டித் தந்தார். முன்பிறேக் இருந்தே ஆக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

முற்றவெளிப் பக்கம் அதிகாலையில் பழகினேன். ஏறுவது எளிது, நிறுத்துவதுதான் கலை. பின்னாலிருந்து மேலெழும் பெடலை உடல் எடையால் அமுக்க வேண்டும். வேகம் மெல்ல மெல்லக் குறையும். சந்தியில் நின்றபின் பெடலை வசதியான இடத்துக்குக் கொண்டுவர, முன்பிறேக்கைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கித் திருப்புகிறேன். நல்லூர் ஒழுங்கைகளில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன். சாய்ந்து திரும்பும்போதும் கால் சுழல்வதால் உட்பக்கப் பெடல் வீதியில் இடிக்கும். சாரத்தோடு மட்டும் யாரும் ஏற வேண்டாம், செயின் விடாது.

பின்சக்கரத்தைச் சறுக்கி நிறுத்தும் வித்தையை நான் தொடவில்லை. முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னதில் 16 பல், சுருக்கினால் 11-க்கு 4 என்பதால், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ரயரின் அதே 4 இடங்கள்தான் தேயும்.

யாழ்ப்பாண நகரையும் வேலணைத் தீவையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தில்தான் இந்தச் சைக்கிளின் குணம் முழுதாகப் புரிந்தது. வேலணைப் பக்கம் போகையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். உடலைத் தாழ்த்தி மிதித்தால் போதும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ள, கால்கள் என் விருப்பமின்றியே விரையத் தொடங்கும். அப்போது இடுப்பை ஆடவிடாமல், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது எதிர்த்துப் பிடித்தபடி கோட்டைவரை வருவது அவ்வளவு இன்பம்!

அடுத்து பின்பல்லை 17 ஆக மாற்றப்போகிறேன். சோளகத்துக்கு எதிரே மிதிப்பது சற்று இலகுவாகும்.